பாம்பு பார்க்க நல்ல மாதம்

எறும்பாகத்தான் இருக்கும் என்று கோமு மறுபடியும் நினைத்தாள். மழைக்கு முன்னால் எறும்புகள் சுவரோரம் சாரைசாரையாகப் போகும், அதில் ஒன்றை அவர் மிதித்திருப்பார், அது கடித்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் சாரைசாரையாக என்று நினைத்த மாத்திரத்தில் அந்த வார்த்தைக்குள்ளேயே ஒன்று நெளிந்து போனது போல இருந்தது. வேறு வார்த்தை தேடினாள். வரிசையாக. ஆமாம், எறும்புகள் வரிசையாகப் போகும். கடையம் போகிற பேருந்து தென்காசி நிலையத்தை விட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தது. தூறல் சன்னல் வழியே முழங்கையில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லத்தாய் மதினி, பால்காய்ச்சு வீட்டில் கொடுத்த தாம்பூலப் பையை மடியில் அணைத்தபடி, ஷட்டரை இறக்கச் சொன்னாள். முழுதாக இறக்கினால் இருட்டாகிவிடும், இருட்டில் நினைப்பு இன்னும் கூடும் என்று கோமு பாதிதான் இறக்கினாள். கையில் போன் வியர்த்திருந்தது. சித்தி மகள் கட்டிய புது வீடு, வாசலில் வாழைமரம், மாடியில் பந்தி, இலையில் பாயசம் விழுந்த நேரத்தில்தான் வீட்டிலிருந்து அவர் கூப்பிட்டார். “ஏட்டி கோமு, கால்ல ஏதோ பூச்சி கடிச்சிட்டு போல இருக்கு.” சத்தம் எப்போதும் போலத்தான் இருந்தது, தைக்கிற துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசுகிற சத்தம். இவள் இடது கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “எறும்பு கடிச்சதுக்கெல்லாமா போன் போடுவிய? பூசை அலமாரியில புத்துமண் இருக்கு, தண்ணி விட்டுக் குழைச்சுப் போட்டுட்டுச் செத்த நேரம் படுங்க” என்றாள். “சரி” என்றார். எதிர் வரிசையிலிருந்த சித்தி மகள், “என்னக்கா, அத்தானுக்கு எறும்பு கடிச்சாலும் நீதான் ஊதிவிடணுமோ” என்று கேட்க, பந்தியே சிரித்தது. இவளும் சிரித்தாள். செத்த நேரம் படுங்க. சொல்லும்போது அது கொஞ்ச நேரம் என்றுதான் வாயிலிருந்து வந்தது, எல்லோரும் சொல்வதுதான், ஆனால் கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் விரலில் பட்டபோது அந்த வார்த்தை வேறொன்றாகத் திரும்பி வந்து நின்றது.

அவர் வீட்டில் பாம்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆற்றுப்பாசனத்துக்காரர்கள், வயலும் வாய்க்காலுமாகப் பிழைத்தவர்கள், பேரைச் சொன்னால் பேருக்குரியது வந்துவிடும் என்று தலைமுறை தலைமுறையாகப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். எறும்பும் பூச்சி, கரப்பானும் பூச்சி, படம் எடுத்து நிற்கிறதும் பூச்சி. கோமு பிறந்தது சங்கரன்கோவில் பக்கம், கரிசல்காடு. அங்கே பாம்பைப் பாம்பு என்றுதான் சொல்வார்கள், கோயிலில் வெள்ளியில் அடித்த பாம்பை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, புற்றுமண்ணை மடித்து எடுத்துக்கொண்டு பயமில்லாமல் வீட்டுக்குப் போவார்கள். அம்மன் பேரைத்தான் இவளுக்கும் கோமதி என்று வைத்தார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார், “பின்னால பூச்சி கெடக்கு தாயீ, பாத்துப் போ” என்றாள். கரப்பான்பூச்சிக்கா இந்தப் பாடு என்று இவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள், துவைகல்லுக்குப் பக்கத்தில் அது சுருண்டு கிடந்தது, தலை தூக்கியது, இவள் கத்திய கத்தலில் அடுத்த தெரு ஆட்கள் வந்துவிட்டார்கள். அன்றைக்கு இவளுக்கு வந்த காய்ச்சல் வாரக் கணக்கில் நிற்கவில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் யார் பூச்சி என்று சொன்னாலும் இவள் ஒரே கேள்வி கேட்பாள்: “எறும்புப் பூச்சியா, அந்தப் பூச்சியா?” மாமியார் இருந்தவரை அந்தக் கேள்வியை வைத்துச் சிரித்தாள். நாத்தனார் இவள் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். மகன் தளவாய் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தட்டில் விழுந்த ஈசலைக் காட்டி, “அம்மா, இது எந்தப் பூச்சி” என்று கேட்டு ஓடுவான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்காமல் இருந்ததில்லை. இன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தாள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கேட்டால் சிரிப்பார்கள் என்று தோன்றிவிட்டது. கேட்காமலேதான் சிரித்தார்கள்.

மறுபடி மறுபடி கூப்பிட்டும் வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. அடித்து அடித்து ஓய்ந்து, நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் என்று ஒரு பெண் பேச ஆரம்பித்ததும் கோமு அணைத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் குரலில் இருக்கிற நிதானத்தைக் கேட்க முடியவில்லை. தூங்கிக்கொண்டிருப்பார். நாம்தான் படுக்கச் சொன்னோம். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, காலில் மண் பூசிக்கொண்டு, மின்விசிறிக்கு நேராகப் படுத்திருப்பார், போன் மேசை மேல் அடித்துக்கொண்டிருக்கும். தூங்குகிறார் என்று நினைத்துப் பார்ப்பது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தூங்கக் கூடாது என்று மாடியில் வாடகைக்கு இருந்த டீச்சர் ஒருநாள் சொன்னாளே. கடிபட்ட ஆளைத் தூங்க விட்டால் இமை தானாக இறங்குகிறதா தூக்கத்தில் இறங்குகிறதா என்று வித்தியாசம் தெரியாமல் போய்விடும் அக்கா என்று, மாடிப்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், அதை ஏன் கேட்டோம், கேட்டிருக்கவே கூடாது, கேட்டதினால்தான் இப்போது கண் முன்னால் இரண்டு இமைகள் இறங்குகின்றன. “என்ன மதினி, போனையே தடவிக்கிட்டு வாறிய? தளவாய்க்கா?” என்று செல்லத்தாய் கேட்டாள். “அவுகளுக்குத்தான். எடுக்க மாட்டங்காக.” “ஆம்பள, பொண்டாட்டி ஊர்ல இல்லாத அன்னிக்கு நிம்மதியாத் தூங்காம என்ன செய்வாக? விடுவியளா, மழையா வருது, அவுகளே எந்திரிச்சுக் காயப்போட்ட துணிய எடுப்பாக.” துணி. காலையில் கிளம்பும்போது கோமுதான் சொன்னாள், மழை வந்தால் பின்னால் கொடியில் கிடக்கிற துணியை எடுத்துவிடுங்கள் என்று. கொடிக்கு அடியில்தான் பழைய ஓட்டுக் குவியல். அவர் செருப்புப் போட்டுக்கொண்டு போகிற ஆள் இல்லை.

ஐப்பசி. பாம்பு பார்க்க ரொம்ப நல்ல மாசம் அக்கா. இப்படியா ஒரு பெண்பிள்ளை பேசுவாள்? முகூர்த்தத்துக்கு நல்ல மாசம் பார்ப்பார்கள், வீடு கட்ட, விதை விதைக்க, ஊறுகாய் போட நல்ல மாசம் பார்ப்பார்கள், பாம்பு பார்க்க நல்ல மாசம் பார்த்த ஒரே ஆளை கோமு தன் மாடியில்தான் கண்டாள். கிருபா டீச்சர். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள், நாகர்கோவில்காரி, முப்பதுக்குள் வயது, கல்யாணமாகவில்லை. வாடகை பேச வந்தபோது வெள்ளைச் சுடிதாரும் வேதப்புத்தகமுமாக அடக்கமாக வந்தாள், நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று கோமு உடனே சாவியைக் கொடுத்தாள். மழை பிடித்ததும்தான் தெரிந்தது, சாயங்காலமானால் பிள்ளை பேண்ட் போட்டு முழங்கால் வரை பூட்ஸ் மாட்டி, கையில் பெரிய டார்ச்சும் கொக்கி வைத்த கம்புமாக நாலைந்து மாணவர்களோடு குளத்துக்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் போய்விடுகிறாள் என்பது. பிடித்து விற்கவா என்றால் இல்லை, அடிக்கவா என்றால் இல்லை, பார்க்க. பார்த்துவிட்டு வந்துவிடுவாள். எதற்காக என்று கோமு கேட்டாள். எந்தெந்த மாசம் எது வெளியே வருதுன்னு தெரிஞ்சா எந்தெந்த மாசம் நாம எங்க கால வைக்கக் கூடாதுன்னு தெரியும்லக்கா, என்றாள். பிறகு படியில் உட்கார்ந்தபடி விரலை மடக்கி மடக்கிச் சொல்ல ஆரம்பித்தாள், கோமு கீழே முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டு, காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாமல், கேட்டாள். சித்திரையில் கோடைமழை ஒன்று விழுந்து மண் மணக்கிற சாயங்காலம், அன்றைக்கு ஒரு நடை நடந்தால் போதும், வெயில் முழுக்க உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வரும். ஆனி ஆடிச் சாரலில் மலையில் மூங்கில் புதருக்குள் பச்சையாக ஒரு விரியன், இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, அதைப் பார்த்த அன்றைக்கு டீச்சருக்குச் சோறே இறங்காதாம், சந்தோஷத்தில். ஐப்பசி கார்த்திகையில் குளம் நிறைந்து வளைக்குள் தண்ணீர் போனதும் எல்லாம் மேட்டைத் தேடி வரும், மேடென்றால் நம் வீடுதான். மார்கழி தையில் காலை வெயில் காய வரப்பில் நீளமாகக் கிடக்கும், அப்போது படம் எடுக்கத் தோது, ஓடாது. மாசி பங்குனியில் துணை தேடும். கோமு முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அதுவரை அவளுக்குப் பயப்பட மழைக்காலம் ஒன்றுதான் இருந்தது. தை பிறந்தால் அப்பாடா என்று பின்வாசலைத் திறந்து போட்டுக்கொண்டு உட்காருவாள். இந்தப் பிள்ளை வந்து தையையும் மாசியையும்கூட அவளிடமிருந்து பிடுங்கிவிட்டது. பன்னிரண்டு மாசமும் நல்ல மாசமாகிவிட்டால் ஒரு மனுஷி எந்த மாசத்தில்தான் கண்ணை மூடுவாள்?

டீச்சரை மாடியைக் காலி செய்யச் சொன்னதற்கு அதுதான் காரணம், ஆனால் அதையா வெளியில் சொல்ல முடியும். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் செல்லத்தாய் சொன்னதையே இவளும் சொல்லிக்கொண்டாள். “பாம்பு பாக்கப் போறாளாம். எந்தப் பாம்ப பாக்கப் போறாளோ, யாரு கண்டா” என்று செல்லத்தாய் குழாயடியில் சொன்னபோது எல்லோரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கோமு சிரிக்கவில்லை, ஆனால் பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அந்தப் பேசாமையும் ஒரு சிரிப்புத்தான். அந்தப் பிள்ளைகளுக்கு இவளே கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள், ஒவ்வொருத்தனும் அக்கா என்றும் அத்தை என்றும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவான், அவளுக்குத் தெரியும் எல்லாம் ஒழுங்கான பிள்ளைகள் என்று. தெரிந்தும் குழாயடியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆவணியில் ஒருநாள் மாடியில் மேசை மேல் பாம்புச் சட்டை ஒன்று கண்ணாடிக்குள் விரித்து வைத்திருப்பதைப் பார்த்தாள். அன்றைக்கே கீழே வந்து சொன்னாள்: “டீச்சர், தளவாய் திருப்பூர்லருந்து வந்துருவான் போல இருக்கு. மாடி வேணும்.” தளவாய் வருகிறதாக ஒரு பேச்சும் இல்லை. டீச்சர் கொஞ்ச நேரம் இவள் முகத்தைப் பார்த்தாள். “சரிங்கக்கா” என்றாள். அவள் ஏன் என்று கேட்டிருந்தால், சண்டை போட்டிருந்தால், இவள் உண்மையைச் சொல்லியிருப்பாளோ என்னவோ. எனக்குப் பயமா இருக்கு பிள்ளே, வேற ஒண்ணுமில்ல, என்று சொல்லியிருக்கலாம். சாமான் ஏற்றுகிற அன்றைக்கு டீச்சர் பின்வாசலில் நின்று, “அக்கா, அந்த ஓட்டுக் குவியல மட்டும் எடுத்துருங்க. எலி குடி இருக்கு. எலி இருக்குற எடத்துக்கு அது வரும்” என்றாள். கோமுவுக்குச் சுரீரென்றது. வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று சொல்லிவிட்டுப் போகிறாள் என்று எடுத்துக்கொண்டாள். எடுக்கவில்லை. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு போனபோதுகூட, “இப்ப என்ன அவசரம், அவ சொன்னான்னா” என்று தடுத்தாள். “சரி” என்று கடப்பாரையைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

சரி, சரி, எல்லாவற்றுக்கும் சரி. டீச்சரின் கட்டிலை அடுத்த தெருவுக்குத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவரும் அவர்தான், இவளிடம் சொல்லவில்லை, கடைக்குப் போய்வருகிறேன் என்றார். அதற்கு முன்னால் மாசக் கணக்கில் கெட்டிக் காடாத் துணியில், வாய்க்குச் சுருக்குக் கயிறு வைத்து, இரட்டைத் தையல் போட்டுப் பை பையாகத் தைத்துக்கொண்டிருந்தார். என்ன இது என்று கேட்டதற்குத் தலையணை உறை என்றார். இப்படிக் குறுகலாகவா ஒரு தலையணை இருக்கும் என்று கேட்டதற்கு, காலேஜ் தலையணை, அப்படித்தான் இருக்கும் என்றார். வீட்டுக்குள் வந்துவிட்ட பாம்பைப் பிடித்துக் காட்டில் விட டீச்சர் கேட்ட பை அது என்று தெரிந்தபோது அதில் ஒன்றை இவள் ஏலக்காய் போட்டு வைக்க எடுத்திருந்தாள். பேருந்து மத்தளம்பாறை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மலை மேகத்துக்குள் போய்விட்டது, மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் தொங்கியது. கோமுவின் நினைப்பு அந்தத் தலையணை உறையில் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றது. தலையணை உறை. போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது வாயு என்றார், மாத்திரைச் சீட்டைத் துணிக்கடியில் பார்த்த பிறகுதான் வாயு இல்லை என்று இவளுக்குத் தெரிந்தது. தளவாய் வண்டியிலிருந்து விழுந்தபோது அப்பாவும் மகனும் சேர்ந்து சின்னக் கீறல் என்றார்கள், தீபாவளிக்கு வந்தவன் நொண்டினான், காலுக்குள் கம்பி வைத்திருந்தது. அவன் பரீட்சையில் தோற்றுப்போனபோது ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று ஒரு மாசம் முழுக்கச் சொன்னார்கள். இவள் பயப்படுவாள், இவள் தாங்கமாட்டாள், சாப்பிடாமல் கிடப்பாள், ராவெல்லாம் எழுந்து உட்கார்ந்து புலம்புவாள். வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு பெரிய விஷயத்தையும் வாசலிலேயே நிறுத்தி, சின்னதாக வெட்டி, இவள் வாய்க்குத் தகுந்த மாதிரி உருட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தையல்காரர். எதையும் அளவுக்குத் தகுந்த மாதிரி வெட்டத் தெரிந்தவர். அப்படியென்றால் இன்றைக்குப் பூச்சி என்று சொன்னது பரம்பரைப் பழக்கத்தில் சொன்னதா, இல்லை இவளுக்காக வெட்டியதா? நாம் இப்படி இல்லாமல் இருந்திருந்தால், வேறொருத்தியாக, தைரியசாலியாக, நடந்ததை நடந்தபடி கேட்டுக்கொள்கிறவளாக இருந்திருந்தால், அவர் நேராகச் சொல்லியிருப்பார், நானும் நேராக ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லியிருப்பேன். பயந்து பயந்து எதைக் காப்பாற்றினேன்? யாரும் என்னிடம் எதையும் சொல்ல முடியாதபடி ஆக்கி வைத்ததுதான் மிச்சம்.

கூப்பிட ஒரு ஆள்தான் உண்டு. எதிர் வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரி இதோ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், தளவாய் திருப்பூரில் இருந்துகொண்டு என்ன செய்வான். அடுத்த தெருவில் டீச்சர் இருக்கிறாள், இன்றைக்குக் கல்லூரி விடுமுறை, நடந்தே வந்துவிடுவாள். போனில் பேர் இன்னும் மாடி டீச்சர் என்றுதான் இருந்தது. கட்டை விரலை அதன் மேல் வைத்தாள், எடுத்தாள். என்ன என்று பேச ஆரம்பிப்பது? நான் கோமு பேசுகிறேன், உன்னைப் பொய் சொல்லி வெளியே அனுப்பியவள். தெருவில் எதிரே வந்தால் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனவள். எறும்பாக இருந்தால்? ஒன்றுமில்லாமல் எறும்பாக இருந்து, டீச்சர் ஓடி வந்து கதவைத் தட்டி, அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தால், அப்புறம் அந்த முகத்தில் எப்படி முழிப்பது? இதை நினைத்ததும் கோமுவுக்கே தன் மேல் அருவருப்பாக வந்தது. எறும்பாக இருந்துவிடக் கூடாதே என்று ஒரு நொடி கவலைப்பட்டிருக்கிறாள். செல்லத்தாய் கொட்டாவி விட்டாள். “புது வீட்டுல சாமி அலமாரிய தெக்க பாக்க வச்சிருக்கா பாத்தியளா மதினி, வெளங்குமா?” கோமு விரலை அழுத்திவிட்டாள்.

முதல் மணி முடிவதற்குள் டீச்சர் எடுத்துவிட்டாள். “சொல்லுங்கக்கா.” பின்னால் ஏதோ இரைந்தது, மழையா எஞ்சினா தெரியவில்லை. “டீச்சர், நான் கோமு. அவுக…” “அண்ணாச்சி என் பக்கத்துலதான் இருக்காக அக்கா. ஆம்புலன்ஸ்ல வந்துக்கிட்டிருக்கோம். கடையத்துலருந்து கிளம்பியாச்சு. தென்காசி பெரியாஸ்பத்திரிக்குத்தான் வாறோம். நீங்க விசேஷ வீட்டுலதான இருக்கீங்க, நேரா அங்க வந்துருங்க. உங்க நம்பர எடுக்குறதுக்குள்ள நீங்களே கூப்பிட்டுட்டீங்க.” “போன் அடிச்சுதே, எடுக்கலையே” என்றாள் கோமு, அதையா கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டே. “போன் வீட்டுல கெடக்குக்கா. என்னக் கூப்பிட்டுச் சொல்லிட்டு அங்கயே வச்சுட்டாக.” “என்ன பூச்சி டீச்சர்?” “நல்ல பாம்புக்கா. அண்ணாச்சியே பாத்திருக்காக, தெளிவாச் சொன்னாக. ஓட்டுப் பக்கம் துணி எடுக்கப் போனாகளாம், படம் விரிச்சுதாம்.” “என்கிட்ட பூச்சின்னுதான் சொன்னாக.” “விசேஷ வீட்டுல இருக்கா, சாப்பிட்டு முடிக்கட்டும், சொன்னா அங்கயே மயங்கி விழுந்துருவான்னாக. உங்ககிட்ட பேசிட்டுத்தான் என்னக் கூப்பிட்டிருக்காக. நான் போகும்போது காலெல்லாம் மண்ணு பூசியிருந்துச்சு.” பூசிக்கொண்டார். பாம்பு என்று தெரிந்தும், இவள் சொன்னாள் என்பதற்காக, அலமாரியைத் திறந்து மண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் உயிரைப் பார்த்திருக்கிறார். “பேசுதாகளா?” “பேசுறாக. நாக்குக் கொஞ்சம் குழறுது. இமை எறங்குது. தூங்க விடாமப் பேச வச்சுக்கிட்டே வாறேன். அங்க மருந்து தயாரா வைக்கச் சொல்லியாச்சு. மூச்சு நல்லாதான் இருக்கு இப்ப.” இப்ப என்று சொன்னதை கோமு கேட்டாள். வெட்டாமல், சுருக்காமல், அளவு பார்க்காமல் ஒருத்தி அவளிடம் சொல்கிறாள். மயக்கம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

பேருந்து ஓடிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரிக்கு எதிர்த் திசையில், ஒவ்வொரு மரமாகப் பின்னால் தள்ளிக்கொண்டு. கோமு எழுந்து நின்றாள். “வண்டிய நிறுத்துங்க” என்று கண்டக்டரைப் பார்த்துச் சொன்னாள். “இங்க ஸ்டாப் இல்லம்மா, ஊர் வரட்டும்.” “எறங்கணும். நிறுத்துங்க.” அவள் முகத்தில் என்ன பார்த்தானோ, விசிலை ஊதினான். செல்லத்தாய் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “என்ன மதினி, எங்க எறங்குதிய? யாரு போன்ல?” “டீச்சர். நம்ம மாடியில இருந்த கிருபா டீச்சர்.” “அந்தப் பாம்புக்காரியா? அவ கூட ஒங்களுக்கு என்ன பேச்சு?” “அவுகளப் பாம்பு கடிச்சிட்டு. அவதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாறா. கால மடக்கி வழி விடுங்க” என்று அவள் முழங்காலைத் தாண்டிக்கொண்டு இறங்கினாள். செல்லத்தாய் திறந்த வாயை மூடவில்லை, தாம்பூலப் பையிலிருந்து ஒரு தேங்காய் உருண்டு இருக்கைக்கு அடியில் போனது. கதவு சாத்துகிற சத்தம், பேருந்து போய்விட்டது, சாலையில் அவள் மட்டும். மழை தூறலாக இல்லை இப்போது. இரண்டு பக்கமும் வயல், தண்ணீர் வரப்பு தெரியாமல் நின்றது, நனையாமல் ஒதுங்க ஒரு மரம்கூடப் பக்கத்தில் இல்லை. சாலையைக் கடந்து தென்காசிப் பக்கம் போகிற ஓரத்தில் நின்றாள். செருப்புக்குள் சேறு ஏறியது. போனை முந்தானையால் மூடிக் காதோடு வைத்தாள். “டீச்சர், அவுகட்ட குடுங்க.” “பேசுங்கக்கா, பேசிக்கிட்டே இருங்க, அண்ணாச்சி, அக்கா பேசுறாக, கண்ணத் தொறங்க.” துணி உரசுகிற சத்தம். மூச்சு. அந்த மூச்சைப் பக்கத்தில் படுத்து எத்தனை ராத்திரி கேட்டிருப்பாள், கேட்டதாக நினைவே இல்லாமல். “கோமு” என்றார். பேர் வாய்க்குள்ளேயே பாதி தங்கிவிட்டது. “எங்க நிக்க?” நான் நடுரோட்டில் நிற்கிறேன், உங்களைத் தேடி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன், உங்களுக்கு எதிர்த் திசையில் வந்துவிட்டேன், ஓட்டை எடுக்க விடாமல் செய்தது நான், அந்தப் பிள்ளையை அனுப்பியது நான், படுக்கச் சொன்னது நான், பூச்சி என்றபோது கேட்காதது நான். அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, “ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கேன்” என்றாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “டாக்டர்ட்ட சொல்லிட்டேன். எல்லாம் தயாரா வச்சிருக்காக. ஊசி போட்டா சரியாப் போயிரும்னு சொல்லுதாக. வாங்க நீங்க.” அந்தப் பக்கம் மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது, பாரத்தை இறக்கி வைத்த ஆளின் மூச்சு. “நனையாத” என்றார். “நனையல. உள்ளதான் நிக்கேன்.” தலையிலிருந்து தண்ணீர் கண்ணுக்குள் வடிந்தது, துடைக்கவில்லை. “பயந்துறாத என்ன.” “எனக்கென்ன பயம்.” பிறகு டீச்சரின் குரல் வந்தது, அவள் இந்த மழையைக் கேட்டிருப்பாள், போனில் எல்லாம்தான் கேட்டிருக்கும். “அக்கா” என்றாள், ஒரு நொடி நிறுத்தினாள். “சரிக்கா. வாசல்லயே நில்லுங்க. நாங்க வந்துருவோம்.” அணைத்துவிட்டாள். அவர்கள் வருவதற்கு முன்னால் அந்த வாசலில் நிற்க வேண்டும். ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது அவர் கண் திறந்து பார்த்தால், திறக்க முடிந்தால், சொன்ன இடத்தில் அவள் இருக்க வேண்டும், அது ஒன்றாவது பொய்யாகிவிடக் கூடாது. கடையம் பக்கமிருந்து வெளிச்சம் ஒன்று மழைக்குள் மங்கலாக வந்தது. சைரன் இல்லை, அது வேறு வண்டி, தக்காளிக் கூடை ஏற்றிய சின்ன வேன். கோமு தார்ச்சாலையின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தாள். வேன்காரன் ஹாரன் அடித்தான், விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான், அவள் நகரவில்லை.